தகரத் தவளையும் பொன்னாத்தாளின் நகமும்

கரடிக்குப் பாடம் எடுக்கிறேன் என்று சொன்னால், சூலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். எங்கள் தொழிலுக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். நாய்க்கு மாத்திரை கொடுக்கப் போய் விரலைக் கொடுத்தவர்கள், பூனையைக் குளிப்பாட்டப் போய்த் தாங்களே நனைந்து வந்தவர்கள், மாட்டைப் பிடித்து நிறுத்தி ஊசி போடப் போய் மிதி வாங்கியவர்கள் எல்லோரும் இதைப் படிக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நம் வேதனை நமக்குத்தானே தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தது மதுக்கரைப் பக்கம் இருந்த ஒரு சின்ன விலங்குக் காப்பகத்தில். ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளை அதை நடத்தியது. சர்க்கஸிலும் தெருவிலும் பிடிபட்ட பிராணிகளை வனத்துறை அங்கே கொண்டுவந்து விடும். அவற்றை அடிக்காமல், கட்டாமல், வைத்தியத்துக்குத் தாமாகவே ஒத்துழைக்கும்படி பழக்க முடியுமா என்று பார்ப்பது என் வேலை. முடியும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகத்துக்கு நகம் கிடையாது.

வளைந்த நகம்

பொன்னாத்தா ஒரு பெண் கரடி. தெருத்தெருவாக ஆட்டம் காட்டிப் பிழைத்த ஒருவனிடமிருந்து மீட்கப்பட்டவள். மூக்கில் கயிறு கோத்திருந்த துளை மூடாமல் அப்படியே இருந்தது. பெயர் வைத்தவர் ரங்கண்ணன். தாராபுரத்துக்காரர், கரடிக்குச் சோறு தண்ணி பார்க்கும் காப்பாளர். நடையைப் பார்த்தால் சந்தைக்குப் போய்த் திரும்புகிற தன் பெரியம்மா மாதிரியே இருக்கிறது என்று பெரியம்மாவின் பெயரையே வைத்துவிட்டார். பெரியம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

காட்டில் இருக்கிற கரடி கறையான் புற்றைத் தோண்டித் தோண்டி நகத்தைத் தேய்த்துக்கொள்ளும். சங்கிலியில் நின்றவளுக்குத் தோண்டப் புற்று ஏது? வலது முன்னங்கையில் ஒரு நகம் அரிவாளாக வளைந்து திரும்பி, உள்ளங்கைச் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சீழும் வைத்துவிட்டது. கரடிகள் மனசு நிறைந்திருந்தால் கையைச் சூப்பிக்கொண்டே, தூரத்தில் தறி ஓடுவது போல ஒரு ரீங்காரம் போடும். நான் தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள். அந்தச் சத்தத்தைப் பற்றிப் படித்ததிலிருந்தே கேட்க ஆசைப்பட்டேன். பொன்னாத்தா வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அதைப் போடவில்லை.

நகத்தை எடுக்காவிட்டால் புண் எலும்புக்குப் போகும், கை போகும், பிறகு கரடியே போகும். எடுக்க வேண்டுமானால் மயக்க ஊசி போட வேண்டும். லாரியில் ஏற்றும்போது ஒரு முறை போட்டதற்கே அவளுக்கு மூச்சு நின்றுபோய், ஆளாளுக்கு நெஞ்சை அமுக்கித்தான் திரும்பக் கொண்டுவந்தார்களாம். காங்கயம் காளைகளுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்த எங்கள் கால்நடை டாக்டர் கூண்டுக்கு வெளியே குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். தேனில் மருந்து கலந்து கொடுத்துச் சித்திரை வரைக்கும் புண்ணை அடக்கி வைக்கலாம், அதற்குள் அவளாகக் கையைக் கொடுத்தால் சரி என்றார். இல்லாவிட்டால் என்று நான் இழுத்ததும் சொன்னார்: "ஊசி போட்டா நகத்த வெட்டிப்போடலாமுங்க அம்மணி. பொறவு எந்திரிக்குமான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

ஒறம்பரைக்குச் சாப்பாடு

முறை ரொம்பச் சுலபம். சொன்னதைப் பிராணி செய்த அதே நொடியில் ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். சத்தம் கேட்டால் ஒரு வாய் தேன் நிச்சயம். வானமே இடிந்து விழுந்தாலும் அந்த வாக்குத் தவறக் கூடாது. செய்தால்தான் தேன், செய்யாவிட்டால் இல்லை. இதை ரங்கண்ணனுக்கு விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கரடி கையை வெளியே நீட்டுவதற்காகக் கணபதியில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்துக் கம்பியில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தோம். முதல் பாடம், ஜன்னல் பக்கத்தில் வந்து உட்காருவது. ரங்கண்ணன் ஜன்னலண்டை போவார். "வாங்க கண்ணு, மொதல்ல சாப்பிடுங்க" என்று ஓர் அகப்பைத் தேனை ஊற்றுவார். பொன்னாத்தா வந்து சுத்தமாக நக்கிவிட்டு, மூலையில் போய்ப் படுத்துக்கொள்வாள். மறுநாளும் அதேதான். அடுத்த வாரமும் அதேதான். கரடிக்குச் சதை போட்டது, பாடம் ஓர் அங்குலம் நகரவில்லை.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். ரங்கண்ணனுக்கு உண்மையாகவே மனசு நொந்துவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒறம்பரை என்கிற விருந்தாளிக்கு மட்டுமில்லை, கரண்ட் கணக்கெடுக்க வருகிறவருக்கே காபி கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மீட்டர் இருக்கிற இடத்தைக் காட்டுகிற சீமை இது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஊட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்ட, வந்ததும் வராததுமா வேலை சொல்றதுங்களா? நாலு வாய் சாப்பிடட்டுமுங்க, பொறவு மெதுவாக் கேட்டுக்கலாம்."

குச்சி

எதையாவது ஒன்றைக் காட்டி, மூக்கால் அதைத் தொடச் சொல்வதுதான் அடுத்த பாடம். எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நூல் சுற்றுகிற கோனுக்குப் பஞ்சம் வராது. முதலாளி மில்லிலிருந்தே ஒன்றை வாங்கி, மூங்கில் குச்சியின் நுனியில் செருகிக் கம்பிக்கு இந்தப் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.

படுத்திருந்த பொன்னாத்தா எழுந்தாள். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றாள். புண்ணான கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினாள். கண் மட்டும் குச்சியின் நுனியிலேயே இருந்தது. குச்சியைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன். அது உயரத்தில் இருக்கிற வரைக்கும் அவளும் ஆடிக்கொண்டே இருந்தாள். எவனோ, எங்கேயோ, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ரங்கண்ணன்தான் என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். கம்பியண்டை உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "இங்க யாரும் ஆடச் சொல்லலீங்களே கண்ணு. உக்காருங்க."

மோட்டார் சத்தம்

குச்சியில்லாமல் கோனை மட்டும் கையில் பிடித்தோம். சத்தம் எழுப்ப என்ன செய்வது? பெங்களூரில் நான் போய்வந்த பயிற்சி முகாமில் ஒரு வெளிநாட்டுக்காரர் சின்னப் பெட்டி ஒன்றை அழுத்தி 'டிக்' என்று காட்டினார். அந்தப் பெட்டிக்காகக் கோவையின் கடைவீதிகளை எல்லாம் அலசிவிட்டுக் கடைசியில் மருதமலைத் தைப்பூசத்தில், விளையாட்டுச் சாமான் கடையில் கண்டுபிடித்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த தகரத் தவளை. வயிற்றை அழுத்தினால் அச்சாக அதே 'டிக்'. ஒரு பை நிறைய வாங்கினேன்.

பொன்னாத்தா கோனை முகர்ந்தாள், மூக்கு பட்டது, டிக், தேன். நக்கி முடித்தவள் போகவில்லை. என் கையிலிருந்த தவளையைப் பார்த்தாள், கோனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே, மெதுவாக, மூக்கைக் கொண்டுவந்து கோனில் வைத்து, என் கையையே பார்த்தபடி காத்திருந்தாள். இரண்டு உயிருக்கு நடுவில் கம்பி இருக்கிறது, பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது; ஆனாலும் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். டிக் என்று நான் பதில் சொன்னேன்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஜன்னலில் கையை வைத்தாள். உள்ளங்கையை மேலே திருப்பி என் கைமேல் வைத்தாள். ஓர் அறை விட்டால் என் முகத்தைப் பெயர்த்துவிடக்கூடிய கை, கோழிக்குஞ்சு உட்கார்ந்த மாதிரி அவ்வளவு மெத்தென்று இருந்தது. தேனை இப்போது போர்வெல் பைப் துண்டு ஒன்றில் ஊற்றிக் கொடுத்தோம். உதட்டைக் குவித்து அவள் உறிஞ்சினால் காப்பகம் முழுக்கக் கேட்கும். பார்வையாளராக வந்த ஒருவர், பீளமேட்டில் பம்ப் கம்பெனியில் வேலை போலிருக்கிறது, கூண்டுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்து சொன்னார்: "ஏனுங்க, உள்ளார ஓடற மோட்டாரு தண்ணி இல்லாமக் காத்த இழுக்குதுங்க. சித்தப் பாருங்க, காயில் கருகிப் போயிரும்."

ஓசிப் பாஸ்

பக்கத்துக் கூண்டில் ஒரு நாட்டுக் குரங்கு இருந்தது. அதற்கு நாங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் பொன்னாத்தாளுக்கு டிக் அடித்ததும், அந்தப் பக்கக் கம்பி வழியாக இன்னொரு கை நீண்டது. உள்ளங்கையை மேலே திருப்பி, விரலை விரித்து, பொன்னாத்தா வைக்கிற மாதிரியே. இத்தனை நாளும் அது சும்மா உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தோமே, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது! காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் முதலாளியம்மா அன்று வந்திருந்தார். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, கரடிக்குத் தையிலிருந்து பாடம் நடத்தறே, இன்னும் பரீட்சை எழுதலே. கொரங்கு ஓசியிலயே பாஸாயிருச்சு பாரு."

தேருக்கு மறுநாள்

மாசி மாதம் கோனியம்மன் தேர். அதற்கு மறுநாள் காப்பகத்தில் கூட்டம் நெரியும் என்பது எனக்குத் தெரியும். தேர்க்கடைகளில் என்ன விற்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. தைப்பூசத்தில் விற்ற அதே தவளை. வந்த குழந்தைகளில் பாதிப் பேர் கையில் அது.

டிக், டிக், டிக் என்று நாலா பக்கமும் கேட்டது. பொன்னாத்தா முதல் சத்தத்துக்கு ஓடிவந்து ஜன்னலில் கையை வைத்தாள். தேன் வரவில்லை. இன்னொரு பக்கம் டிக். அங்கே ஓடிக் கையை நீட்டினாள். அங்கும் இல்லை. "அப்பா, டிக்குன்னா கரடி கை நீட்டுது பாருங்க!" என்று ஒரு குழந்தை கத்த, கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. நான் டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து ஓடிவருவதற்குள் எத்தனை கைகளுக்கு அவள் கை நீட்டினாளோ தெரியாது. புண்ணான கை அது. கடைசியில் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் தவளையை அழுத்தினேன். திரும்பவில்லை. தேனைக் காட்டினேன். வந்து நக்கினாள், கை மட்டும் வரவில்லை. நான் அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே வாக்கு அந்தச் சத்தம்தான், அதை ஊரே சேர்ந்து பொய்யாக்கிவிட்டது. டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. அவர் கொடுத்த கெடுவை நான் நினைவூட்ட வாயெடுப்பதற்குள் சொன்னார்: "சித்திரைக்கு நாள் இருக்குதுங்க அம்மணி. அந்தக் கைக்கு இல்லீங்க."

தவளை விடும் இடம்

வேறு சத்தம் பழக்க நேரம் இல்லை. கெட்ட பெயரை அதே தவளைதான் மாற்ற வேண்டும். வாசலில் ஒரு மேஜை போட்டோம். கோயிலில் செருப்புக்குக் கொடுப்பது போல டோக்கன் கொடுத்து, வருகிற குழந்தைகளின் தவளைகளை எல்லாம் வாங்கி வைத்தோம். அதையும் மீறி எவராவது உள்ளே கொண்டுவந்து அழுத்தினால், அழுத்தியது யாராக இருந்தாலும் சரி, ரங்கண்ணன் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்த் தேன் கொடுப்பார். கை நீட்டினாலும் தேன், நீட்டாவிட்டாலும் தேன். ஒறம்பரைக்கு முதலில் சாப்பாடு என்று அவர் அன்றைக்குச் செய்தது, இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதமான வேலையாகிவிட்டது.

முதலில் தலை திரும்பியது. பிறகு ஜன்னல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு காலையில் நான் அழுத்துவதற்கு முன்னாலேயே வந்து, நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி ஜன்னலில் வைத்தாள். ஒரு தடவை இப்படி ஏமாந்திருந்தால் நான் யாருக்கும் கை கொடுத்திருக்க மாட்டேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஒரு தகப்பனார் தன் மகளின் தவளைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டே சலித்துக்கொண்டிருந்தார்: "செருப்ப விட்டுப்போட்டுப் போயிருக்கறேன், கொடைய விட்டுப்போட்டுப் போயிருக்கறேன். தவளைய விட்டுப்போட்டு உள்ள போற எடம் இதுதானுங்க மொதோ."

கை

டாக்டர் மாட்டுக் குளம்பு வெட்டுகிற குறடோடு வந்தார். ஒருவேளைக்கு என்று பையில் மயக்க ஊசியும் இருந்தது. நான் தவளையோடு, ரங்கண்ணன் தேன் பைப்போடு. முதலில் நல்ல நகம் ஒன்றின் நுனியை வெட்டினார். டக் என்ற சத்தம் கேட்டதும் பொன்னாத்தா உடனே ரங்கண்ணனைப் பார்த்தாள். குறடும் ஒரு தவளை என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேன் கொடுத்தோம். அடுத்தது, அடுத்தது என்று போய், வளைந்த நகத்துக்கு வந்தோம்.

டக். நகம் துண்டானது. ஆனால் நுனி சதைக்குள்ளேயே நின்றுவிட்டது. பொன்னாத்தா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூண்டுக் குரங்கு உச்சிக்கு ஏறிவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். சிமென்ட் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். ரங்கண்ணன் கையிலிருந்த பைப் நழுவிக் கீழே விழுந்து, இருந்த தேனெல்லாம் மண்ணில் போனது. டாக்டர் குறடை வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். வலிக்கும் என்று தெரிந்தே எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது?

அப்போது அவள் எழுந்தாள். மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தாள். ஜன்னல் முன்னால் உட்கார்ந்து, அதே கையை, வலிக்கிற அதே கையை, உள்ளங்கை மேலே பார்க்க வெளியே வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. தவளை சத்தம் போடவில்லை. தேன் தரையில் கிடந்தது. டாக்டர் பையை அப்படியே விட்டுவிட்டு, இடுக்கியை எடுத்து, மூச்சுக்கூட விடாமல் அந்த நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் உடம்பு தலையிலிருந்து பின்கால் வரைக்கும் நடுங்கியது. கை அசையவில்லை. சீழும் ரத்தமுமாக, என் சுண்டுவிரல் நீளத்துக்கு அது வெளியே வந்தது.

அந்த இடத்தில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. கண்ணில் நீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை, மரம் மாதிரி நின்றேன். பொன்னாத்தா கையை இன்னும் உள்ளே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. தவளையை வைத்து மூடியிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரங்கண்ணன் என் முழங்கையை மெதுவாகத் தொட்டார்: "ஏனுங்க அம்மணி, அவங்க வேலைய அவங்க செஞ்சுபோட்டாங்க. நீங்க எப்பங்க செய்யப் போறீங்க?"

கை ஆறி, தறிச் சத்தம் போல அந்த ரீங்காரமும் ஒருநாள் கேட்டு, பொன்னாத்தா நெடுநாள் சுகமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் இன்றைக்கும் யாராவது ஓர் உதவி செய்துவிட்டால், கை தானாகப் பைக்குள் போய்த் தகரத் தவளையைத் தேடுகிறது.